வெட்டாத கயிறும் வெட்டும் கத்தியும்

உவர்மலை வீட்டில் ஒரே இரவில் இயக்குநர் ஹிட்ச்கொக்கின் ‘ரோப்’பும் (1948) ‘சைக்கோ’வும் (1960) பார்த்தோம். இரண்டிலும் கொலை, கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம், அதை விடுங்கள்.

‘ரோப்’பில் வெட்டு, அதாவது ஒரு ஷொட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது, அபூர்வம். ஃபிலிம் சுருள் சுமார் 10 நிமிடந்தான் ஓடும் என்பதால், சில இடங்களில் ஒருவரின் முதுகுக்குக் கிட்டப் போய்த் திரையை இருட்டாக்கி அடுத்த சுருளை ஒட்டுகிறார். பிணம் கிடக்கும் பெட்டியின் மேலிருந்து பணிப்பெண் தட்டுகளை எடுத்துப் போகிறாள், வருகிறாள். பேச்சு எங்கோ ஓடுகிறது, கெமரா அசையவில்லை. மச்சான் கையில் தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது.

‘சைக்கோ’வின் குளியலறைக் கொலைக் காட்சி நேர்மாறு. ஒரு நிமிடத்துக்குள் டசின் கணக்கில் வெட்டுகள். கத்தி உடம்பில் இறங்குவதை நாம்தான் மனதில் ஒட்டிக்கொள்கிறோம். கெட்டித்தனந்தான். ஆனாலும் திரும்பப் பார்ப்பதென்றால் எனக்கு அந்தத் தட்டுக் காட்சிதான்.