கல்லடிப் பாலத்தடி வாவிச் சவாரி: ஓட்டி கெட்டிக்காரர், ஆயத்தம் போதாது

மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்தடியில் ஏறி, கோட்டையைச் சுற்றி, 1913இல் கட்டிய பாலமீன்மடு வெளிச்சவீடு வரை போய்த் திரும்பும் ஃபைபர் படகு. ஆறு பேருக்கு இடம், துணிக்கூரை, பின்னால் 15 குதிரைவலு அவுட்போட் இஞ்சின். ஓட்டிக்கு வாவி உள்ளங்கை மாதிரி. மேடு எங்கே, வலை எங்கே என்று தண்ணீரின் நிறத்திலேயே பிடித்துவிடுகிறார். குறையெல்லாம் கரையை விட்டு எடுப்பதற்கு முன்தான்.

லைஃப் ஜாக்கெட் ஆறும் உண்டு, ஆனால் எல்லாம் பெரியவர்களுடைய அளவு. பிள்ளைக்கு மாட்டி, தோள்பட்டியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். நாடியைத் தாண்டிக் காதுவரை ஏறினால் தண்ணீரில் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை நழுவிவிடும். சின்ன அளவு கேட்டு வாங்காமல் ஏறாதீர்கள்.

இஞ்சின் ஓடும்போது பின்பக்கத்துச் சிறு துவாரத்தால் தண்ணீர் பீச்ச வேண்டும். அது நூலாக மெலிந்தால், தண்ணீர் உறிஞ்சும் வாயில் பாசியோ ஆற்றுவாழை வேரோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். நிறுத்தி, இஞ்சினைச் சரித்து, கையால் எடுத்துவிட்டால் இரண்டு நிமிட வேலை. எடுக்காமல் ஓடினால் பம்பின் ரப்பர் சக்கரம் கருகும், பிறகு இஞ்சின் சூடேறி நடுவாவியில் நிற்கும். இந்தச் சேவையில் பீச்சலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இஞ்சினை அணைக்கும் சிவப்புக் கயிறும் ஓட்டியின் கையில் மாட்டியிருக்காது, இஞ்சின் பிடியிலேயே சுற்றிக் கிடக்கிறது. ஓட்டி தவறி விழுந்தால் படகு தன்பாட்டுக்குப் போகும்!

தங்கூசி, அதாவது நைலோன் மீன்பிடி நூல், இன்னும் பொல்லாதது. வெற்றுப் போத்தல் மிதந்தால் கீழே வலை இருக்கும். இஞ்சின் விசிறியில் சுற்றிய தங்கூசி அச்சோடு உள்ளே போய், தண்ணீர் புகாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தை அறுக்கும், கியர் ஒயிலில் தண்ணீர் கலந்து பால்நிறமாகும். வலைமேல் போயிருந்தால், சவாரி முடிந்ததும் விசிறியைக் கழற்றிப் பார்ப்பதுதான் முறை.

காலை ஆறு மணிச் சவாரியை எடுங்கள். கச்சான் எனும் தென்மேல் காற்று வீசும் காலத்தில் மத்தியானத்துக்குப் பிறகு காற்று ஏறி, ஆழமில்லாத வாவியில் குட்டையான, அடுக்கடுக்கான அலை எழும்பும், அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) இருப்பவர்கள் நனைவார்கள். மாரியில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல்திட்டை வெட்டியிருந்தால் வெளிச்சவீட்டைத் தாண்டாமல் திரும்பச் சொல்லுங்கள், முகத்துவாரத்தில் இழுவை கடலை நோக்கி. இந்த விஷயத்தில் ஓட்டி தானாகவே கவனமாக இருக்கிறார், அதற்குத் தனிப் புள்ளி.

பாடுமீன், அதாவது வாவிக்கடியில் மீன் பாடுவதாகச் சொல்லும் ஓசை, கேட்கும் இரவுச் சவாரிக்கு நிலாவும் அசையாத தண்ணீரும் வேண்டும். இஞ்சினை அணைத்து, சவளின் (துடுப்பின்) அகன்ற பக்கத்தைத் தண்ணீரில் விட்டு, பிடியைக் காதில் வைக்க வேண்டும். இஞ்சின் மக்கர் பண்ணினால் கரைசேர்ப்பதும் அதே சவள்தான். இந்தப் படகில் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் பிளந்து கம்பி சுற்றியது.