இரண்டாவது மானிட்டரும் வைஃபை டாங்கிளும்: மூன்று வருஷ அனுபவம்

புத்தகங்களுக்குப் பிழை திருத்துவதும் பக்கம் அமைப்பதும் என் வேலை. திருச்சியில் வீட்டிலேயே உட்கார்ந்து செய்கிறேன். கணினி 2015இல் அசெம்பிள் செய்தது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி, எச்81 மதர்போர்டு, 18.5 அங்குல மானிட்டர். ராமை 8 ஜிபி ஆக்கி எஸ்எஸ்டியும் போட்ட பிறகு வேகத்தில் குறையில்லை. 2022 ஜூனில் மேலும் இரண்டு செலவு செய்தேன். அந்த இரண்டையும் மூன்று வருஷத்துக்கு மேல் தினமும் பயன்படுத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ரவுட்டர் கூடத்தில் இருக்கிறது, கணினி பின்னறையில். நடுவில் இரண்டு செங்கல் சுவர். அதுவரை லேன் கேபிள் நிலைப்படியைத் தாண்டித் தரையில் கிடக்கும். ஒரு நாள் விடியற்காலையில் அம்மாவின் கால் அதில் மாட்டிக்கொண்டது. கதவைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. அன்று சாயங்காலமே போய் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று, அதாவது யுஎஸ்பி துளையில் செருகினால் கணினிக்கு வைஃபை தரும் சின்னக் கருவி, வாங்கி வந்தேன். ஏறத்தாழ 900 ரூபாய். செருகியதும் புதிதாக ஒரு சிடி டிரைவ் முளைத்தது. டிரைவர் அதற்குள்ளேயே இருந்தது. நெட் இல்லாத கணினிக்கு டிரைவரை எப்படி இறக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய நிம்மதி.

ஆனால் முதல் மாதம் படாத பாடு. பக்கங்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுக்கும்போதெல்லாம் நெட் அறுந்துபோகும். நகலெடுத்து முடிந்தால் தானாக வந்துவிடும். காரணம் பிடிபடவே சில வாரம் ஆனது. டாங்கிளும் ஹார்டு டிஸ்க்கும் பக்கத்துப் பக்கத்து யுஎஸ்பி 3.0 துளைகளில் இருந்தன. யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது எழும் மின்காந்த இரைச்சல், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஓடும் அதே அலைவரிசையில் வந்து விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர் வாங்கி, டாங்கிளைக் கேபினட்டை விட்டு விலக்கி, கூடத்து வாசலைப் பார்க்கிற மாதிரி அலமாரி மேல் வைத்தேன். 5 கிகாஹெர்ட்ஸுக்கும் மாற்றினேன். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 15 தாண்டாமல் இருந்தது 70க்கு வந்தது. கதவைச் சாத்தினால் 50. டாங்கிளுக்கு இன்னும் கூடுதலாகச் செலவழிப்பதைவிட அந்த நீட்டிப்பு ஒயர்தான் முக்கியம் என்பேன்.

இன்னொரு தொல்லை, சாப்பிட்டுவிட்டு வந்தால் இணைப்பு தூங்கிப்போயிருக்கும். டிவைஸ் மேனேஜரில் டாங்கிளின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்த அதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. சுவரோரமாக பிவிசி கேசிங் அடித்து லேன் கேபிள் இழுக்க வசதி இருந்தால் அதுதான் நல்லது. எங்களுடையது வாடகை வீடு.

அப்புறம் மானிட்டர். 22 அங்குலம், ஐபிஎஸ், 1920க்கு 1080. விலை 8,500 ரூபாய். பழைய மானிட்டர் விஜிஏ எனும் பழைய அனலாக் இணைப்பில் ஓடியது. கடையில் விஜிஏ ஸ்ப்ளிட்டர் ஒன்றைக் கொடுத்து, இதைப் போட்டால் இரண்டு திரையும் வரும் என்றார்கள். வந்தது, ஆனால் இரண்டிலும் ஒரே படம். ஸ்ப்ளிட்டர் ஒரு சிக்னலை இரண்டாகக் காட்டுமே தவிர, தனித்தனித் திரை தராது. பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தபோது விஜிஏவுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு டிவிஐ துளை, அதாவது டிஜிட்டல் திரை இணைப்பு, சும்மா கிடந்தது. டிவிஐயிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் ஒன்று போதுமானதாக இருந்தது. போர்டிலேயே இரண்டு திரைக்கும் வழி இருந்ததால் கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டியிருக்கவில்லை.

டிஜிட்டல் கேபிளில் முதல்முறை ஒரு பக்கத்தைத் திறந்தபோது உண்மையில் அசந்துபோனேன். பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் ஒரு பிழை கொத்துக் கொத்தாக வரும். 'அவர்' என்பது 'அவா்' என்று இருக்கும், ரகரத்துக்குப் பதிலாகக் கால். பழைய திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். புதிய திரையில் ரகரத்தின் கீழே சாயும் அந்தச் சின்ன வால் தனியாகத் தெரிகிறது. எத்தனை புத்தகங்களில் இதைத் தவறவிட்டிருப்பேன் என்று அன்று மனசு கனத்தது. இப்போது எந்தக் கோப்பு வந்தாலும் முதல் வேலை, 'ா்' என்று தேடி மாற்றுவதுதான்.

பழைய மானிட்டரையும் ஓரளவு தேற்றலாம். திரை நிறைய எழுத்துள்ள பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மானிட்டரில் உள்ள ஆட்டோ பொத்தானை அழுத்துங்கள். விஜிஏ மங்கல் நிறையக் குறையும்.

இடது திரையில் கையெழுத்துப் பிரதியின் ஸ்கேன், நேர் எதிரே புதிய திரையில் பக்கம். முன்பு ஆல்ட்-டேப் அடித்து மாறி மாறிப் பார்க்கும்போது கண் இடம் தவறும். அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் தொடங்கினால் ஒரு வரி அப்படியே விட்டுப்போகும். இப்போது அது அநேகமாக இல்லை. 200 பக்கப் புத்தகத்துக்கு முதல் மெய்ப்பு ஆறு நாள் எடுத்தது நான்கு நாளாகியிருக்கிறது.

இரண்டு திரையையும் சமமாக வைத்து நடுக்கோட்டைப் பார்த்து உட்கார்ந்ததில் இரண்டு மாதம் கழுத்து வலி. முக்கியமான திரை மூக்குக்கு நேரே இருக்கட்டும், மற்றது பக்கவாட்டில் சற்றுத் திரும்பியிருந்தால் போதும். பழையதன் அடியில் ஒரு மரப்பலகை வைத்து மேல் விளிம்புகளைச் சமப்படுத்தினேன். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இரண்டு பெட்டிகளையும் அதே மாதிரி இழுத்து வைத்த பிறகு மவுஸ் ஓரத்தில் முட்டி நிற்பதும் நின்றது. அட்டைப்படத்தின் நிறத்தை மட்டும் பழைய திரையை நம்பி முடிவு செய்வதில்லை.

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, இந்த ஐ3யில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அடுத்த வருஷம் கணினியை மாற்றியாக வேண்டும். மானிட்டரும் டாங்கிளும் அதற்கும் வரும்.

மின்தடை பற்றி ஒன்று. என் 600 விஏ யுபிஎஸ் இரண்டு திரையோடு எட்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அதனால் பழைய மானிட்டரை நேரடியாகச் சுவர் பிளக்கில் போட்டிருக்கிறேன். கரண்ட் போனால் அது இருண்டுவிடும், ஆனால் விஜிஏ கேபிள் செருகியே இருப்பதால் விண்டோஸ் அந்தத் திரை இன்னும் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். அங்கே திறந்திருந்த கோப்பு கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். டாஸ்க்பாரில் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ், ஷிப்ட் இரண்டு விசைகளையும் பிடித்துக்கொண்டு வலது அம்புக்குறியைத் தட்டினால் இந்தப் பக்கம் வந்துவிடும். சேமித்துவிட்டு நிதானமாக அணைக்கலாம்.