வினைல் தரையில் ஒரு மஞ்சள் கறை

நண்பர் ஒருவர் வீட்டுத் தரையை மாற்றப் போகிறார். வினைல் என்ற பிளாஸ்டிக் பலகையா, மரநாரில் செய்த லேமினேட்டா என்று கேட்டார். எங்கள் வீட்டில் சில வருடங்களாக இரண்டும் இருக்கின்றன. சமையலறையில் சுண்ணாம்புக்கல் தூள் கலந்த, எஸ்பிசி என்ற வகை வினைல், மற்ற அறைகளில் லேமினேட்.

வினைலில் தண்ணீர் கொட்டினால் பதற வேண்டாம். பாத்திரம் கழுவும் இடம் தினமும் நனைகிறது, ஒரு மூட்டுகூட உப்பவில்லை. நடக்கும்போது சத்தமும் குறைவு.

ஆனால் அந்த மஞ்சள் கறை! வழுக்காமல் இருக்கட்டும் என்று தொட்டிக்கு முன்னால் அடியில் ரப்பர் வைத்த மிதியடி போட்டிருந்தோம். ஒருநாள் எடுத்துப் பார்த்தால், மிதியடி கிடந்த இடம் முழுக்கத் தரை மஞ்சளாகிக் கிடக்கிறது. சோப்பு, வினிகர், சமையல் சோடா, எதற்கும் போகவில்லை. ரப்பரில் சேர்க்கும் ரசாயனம் வினைலுக்குள் இறங்கி நிறத்தையே மாற்றிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு தேய்த்து என்ன பயன்? பலகையை மாற்றினால்தான் உண்டு. ரப்பர் மிதியடி வேண்டாம் என்று பல நிறுவனங்களின் பராமரிப்புக் குறிப்பிலேயே இருக்கிறது. தண்ணீர் புகாது என்று திரும்பத் திரும்பச் சொன்ன கடைக்காரர் இதை மட்டும் சொல்லவில்லை. ஈரம் படும் இடத்துக்கென்றுதான் வினைல் வாங்குகிறோம், வழுக்காத மிதியடியும் அங்கேதான் போடுவோம். வாங்கும்போதே சொல்ல வேண்டிய விஷயம் இல்லையா இது? தினமும் அந்தக் கறை முன்னால் நின்றுதான் சமைக்கிறேன், தினமும் கோபம் வருகிறது.

நியாயமாகப் பார்த்தால் லேமினேட்டின் குறை இதைவிடப் பெரிது. நடுவில் இருப்பது மரநாரை அழுத்திச் செய்த பலகை. மூட்டில் தண்ணீர் இறங்கினால் விளிம்பு உப்பும், காய்ந்தாலும் பழையபடி படியாது. அதனால் நன்றாகப் பிழிந்த துணியால்தான் துடைக்கிறோம். கீறல் விஷயத்தில் மட்டும் அதை அடித்துக்கொள்ள முடியாது. மேல்பரப்பில் மெலமைன் பிசினோடு அலுமினியம் ஆக்சைடு இருக்கிறது. எங்களுடையது ஏசி4 தரம் (தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு), நாற்காலி இழுத்த தடம்கூட இல்லை. வினைலில் 0.5 மி.மீ. மேலடுக்கு இருந்தும், மணல் சிக்கிய இடங்களில் மெல்லிய கோடுகள் விழுந்திருக்கின்றன.

சமையலறைக்குக் கணக்குப் போட்டால் வினைல்தான் ஜெயிக்கும். இருந்தாலும் அந்தக் கறை மேல் உள்ள கோபத்தில், நண்பரிடம் லேமினேட் போடுங்கள் என்றுதான் சொன்னேன். இல்லை, வினைல்தான் என்றால், ரப்பர் இல்லாத பருத்தி மிதியடி வாங்கச் சொல்லியிருக்கிறேன். அதே நிறத்தில் ஒரு பெட்டி பலகை கூடுதலாக எடுத்து வைக்கவும்.