‘லா பியோவ்ரா’ டிவிடி செட் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் படியுங்கள்

‘லா பியோவ்ரா’ என்ற இத்தாலிய மாஃபியா தொடரை டிவிடியில் தேடுபவர்கள் கொஞ்சம் உஷாராக இருங்கள். பத்து பாகமும் அடங்கிய முழு செட், இத்தாலிய ஒலி, ஆங்கில சப்டைட்டில், எல்லாம் ஒரிஜினல் என்று சொல்லி ஓர் ஆன்லைன் விற்பனையாளர் என்னிடம் பணம் வாங்கினார். வந்து சேர்ந்தவை கம்ப்யூட்டரில் ரைட் செய்த டிஸ்க்குகள்.

டிஸ்க்கைத் திருப்பியதுமே தெரிந்துவிட்டது. தொழிற்சாலையில் அச்சாகும் டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளியாகவோ லேசான பொன்னிறமாகவோ இருக்கும். இவை ஊதா. மேலே ஒட்டியிருந்த படத்தில் ஈர விரல் பட்டதும் மை கலைந்து கையில் ஒட்டிக்கொண்டது.

பத்து பாகம் என்பதும் பொய். 1984 முதல் 2001 வரை வந்த தொடரில் பெட்டிக்குள் இருந்தவை முதல் நான்கு பாகங்கள்தான். ஐந்து என்று எழுதியிருந்த டிஸ்க்கைப் போட்டால் மறுபடியும் மூன்றாம் பாகமே ஓடுகிறது.

சரி, இருந்ததாவது உருப்படியாக இருந்ததா? நான்காம் பாகத்தில் ஓர் எபிசோடு சுமார் ஒன்றரை மணி நேரம். அப்படி மூன்றை ஒரே 4.7 ஜிபி டிஸ்க்கில் திணித்திருக்கிறார்கள். இருட்டுக் காட்சி வந்தால் முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. திரையின் மூலையில் ஏதோ சேனலின் லோகோ வேறு. டிவியில் ஓடியதைப் பதிவு செய்து விற்றிருக்கிறார்கள்.

சப்டைட்டில்தான் பெரிய கொடுமை. நீதிபதி சில்வியா கோன்டி ஒருவரை விசாரிக்கிறார். எதிரே இருப்பவர் மறுத்துத் தலையாட்டும்போதுதான் சில்வியா கேட்ட கேள்வியே திரையில் வருகிறது. பதில் வருவதற்குள் காட்சி மாறி, வேறு யாரோ காரில் ஏறிக்கொண்டிருக்கிறார். துப்பாக்கிச் சண்டையென்றால் மொழி புரியாமலும் பார்த்துவிடலாம். பணம் எந்த வங்கி வழியாகப் போய் எந்த அரசியல்வாதியிடம் சேர்ந்தது என்று அலசும் விசாரணையை எப்படிப் பின்தொடர்வது? இந்தத் தொடருக்கு உயிரே அதுதான்.

மாஃபியாவில் சேர்ந்திருப்பதையே குற்றமாக்கும் 416-பிஸ் என்ற சட்டப்பிரிவு இத்தாலியில் 1982இல்தான் வந்தது. அடுத்த இரண்டாவது வருடமே தொடர் ஆரம்பம். சிசிலியின் பலெர்மோ நகரில் மாஃபியாவினர் என்று நானூறு பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்ட பெரிய வழக்கு 1986 பிப்ரவரியில் தொடங்கி, 1987 டிசம்பரில் தீர்ப்பானது. அதற்கு அடித்தளம் போட்ட நீதிபதிகள் ஃபால்கோனே, போர்செல்லினோ இருவரையும் 1992இல் குண்டு வைத்துக் கொன்றார்கள். அந்தக் காலத்தின் பதற்றம் தொடரில் அப்படியே இருக்கிறது. அதற்காகத் தேடி வாங்குபவர்களைத்தான் இப்படி ஏமாற்றுகிறார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

நான்காம் பாகத்தின் கடைசி எபிசோடில் தொடரின் நாயகன், மிக்கேலே பிளாசிடோ நடித்த போலீஸ் கமிஷனர் கத்தானியைச் சுட்டுக் கொல்வார்கள். தொடரின் போக்கையே மாற்றிய இடம். இந்த டிஸ்க் அதற்குச் சில நிமிடம் முன்பே நின்றுவிடுகிறது. கீறலாக இருக்குமோ என்று கம்ப்யூட்டரில் காப்பி எடுத்துப் பார்த்தேன். கீறல் எதுவுமில்லை, வீடியோவே அதோடு முடிந்துவிட்டது.

விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்ததும் விற்பனையாளர் குழைந்து பேசினார். பாதிப் பணம் உடனே தருகிறேன், முதலில் புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். மூடிய புகாரைப் பெரும்பாலும் மறுபடி திறக்க முடியாது, கெடுவும் முடிந்துவிடும். ஊதா அடிப்பக்கத்தைப் படமெடுத்துப் புகாரோடு சேர்த்தேன். விற்பனைத் தளம் முழுப் பணத்தையும் திருப்பித் தந்தது.

வாங்கும் முன் டிஸ்க்கின் அடிப்பக்கப் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். ‘எல்லா நாட்டு பிளேயரிலும் ஓடும்’ என்ற வரியைப் பார்த்தாலும் சந்தேகப்படுங்கள். இத்தாலியில் முறையாக வெளியாகும் டிவிடிகள் பொதுவாக ரீஜன் 2 குறியோடுதான் வரும், அதாவது ஐரோப்பா உள்ளிட்ட சில பகுதிகளின் பிளேயர்களுக்கு மட்டுமானவை.

அந்த விற்பனையாளர் இப்போது வேறு பெயரில் அதே செட்டை விற்கிறார். விளம்பரப் படத்தைக்கூட மாற்றவில்லை. சிவப்புத் துணி மேல் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார், மூன்றாம் பாகத்தின் உறை மட்டும் தலைகீழாக இருக்கும். அந்தப் படம் கண்ணில் பட்டால் வாங்காதீர்கள், தளத்துக்கு ஒரு புகாரும் அனுப்பிவிடுங்கள்.