கண்ணில் பூச்சி பறந்தபோது: ஒரு செங்கோட்டைப் பயணம்

வலது கண்ணில் 3 வருடமாக எனக்கு ஒரு நூல் மிதக்கிறது. பர்மிங்காமில் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் முதலில் தெரிவது அதுதான், அப்புறம்தான் எழுத்து. நேராகப் பார்க்கப் போனால் விலகி ஓடும். விட்டுவிட்டால் மெல்ல இறங்கி வந்து நிற்கும். அங்கே டாக்டர் பார்த்துவிட்டு ஆபத்தில்லை என்றார். மைனஸ் 7 பவர் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வருமாம். திரையைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றினேன், வெளியே போனால் கூலிங்கிளாஸ், அப்படியே பழகிவிட்டது. இந்த ஆடியில் ஊருக்கு வந்த இடத்தில் அந்தப் பழக்கமே எனக்கு எதிரியாக மாறப் பார்த்தது.

சாரல் நாளில் செங்கோட்டை வானம் துவைத்த வேட்டியை விரித்த மாதிரி இருக்கும். வெயில் இருக்காது, ஆனால் கண் கூசும். மிதப்பதெல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். வந்த நான்காம் நாள் தென்மலைக்குப் போகும்போது அண்ணன் மகன் பதிமூன்று கண் பாலத்தின் அடியில் காரை நிறுத்தினான். 1904-இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. அப்போது எங்கள் ஊரும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பரில் ஊர் சென்னை மாநிலத்துக்கு வந்தது, பாலம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. வளைவுகளில் ஒன்றின் வழியே அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். கரித்தூளை ஊதிவிட்டது போலப் புள்ளிகள். வலது கண்ணைப் பொத்தினேன். புள்ளிகள் போகவில்லை. இடது கண்ணில் அதுவரை ஒன்றுமே இருந்ததில்லை.

அன்று ராத்திரி கரண்ட் போனது. இருட்டில் தலையைத் திருப்பியபோது இடது கண்ணின் வெளிஓரத்தில் வெள்ளையாக ஒரு வளைவு மின்னி மறைந்தது. மறுபடி திருப்பினேன், மறுபடி மின்னியது.

சித்தியிடம் சொன்னேன். “கண்ணுல பூச்சி பறக்குன்னா பசிதாம்ட்டி. ரெண்டு நாளா நீ ஒழுங்கா சாப்பிடல” என்று தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டார். காலையில் ஆரியங்காவு போகிற ஆளிடம் கண்ணில் விடுகிற ஆயுர்வேத மருந்தான இளநீர்க் குழம்பு வாங்கிவரச் சொல்லவும் மறக்கவில்லை. பாசத்தில் சொன்னதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் மறுநாள் போன கண்ணாடிக் கடைமேல். பவர் பார்க்கிற மெஷினில் முகத்தை வைக்கச் சொன்னார்கள். கண்மணியை விரிக்கும் மருந்து விடவில்லை, உள்ளே பார்க்கவும் இல்லை. “இத விட்டா 1 மாசத்துல கரஞ்சிரும்மா” என்று ஒரு சொட்டு மருந்தும் சத்து மாத்திரையும் கொடுத்து 900 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மிதவையைக் கரைக்கும் சொட்டு மருந்து இன்றுவரை கிடையாது. எனக்கு அது தெரியும். தெரிந்தும், பழைய நூல் மாதிரிதான் இதுவும் இருக்கும் என்று அன்று மாலைவரை கையில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை தென்காசியில், ஒரு பெரிய கண் மருத்துவமனை நடத்தும் சிறு மையத்துக்குப் போனேன். மதுரையில் 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த வழியில் வந்ததுதான் இந்தச் சிறு மைய ஏற்பாடு. டாக்டர் அங்கே இருக்க மாட்டார், பயிற்சி பெற்ற பெண் பரிசோதித்துவிட்டு வீடியோவில் டாக்டரைக் கூப்பிடுவார். அந்தப் பெண் என்னிடம் கேட்டது 4 கேள்வி. எந்தக் கண்? எத்தனை நாளா? வெளிச்சம் மின்னுதா? ஓரத்துல திரை மாதிரி ஏதும் மறைக்குதா? பதிலைக் கேட்டதும் வரிசையில் எனக்கு முன்னால் இருந்த 6 பேரிடமும் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். “இன்னிக்கே திருநெல்வேலி போயிருங்க. நீங்க வண்டி ஓட்ட வேண்டாம்.” சீட்டில் அவசரம் என்று எழுதிக் கொடுத்தார்.

ஆலங்குளம் வழியாகப் போய்ச் சேரும்போது மணி 11. பதிவுக்கு 100 ரூபாய். சொட்டு மருந்தை 10 நிமிடத்துக்கு ஒரு தடவையாக மூன்று முறை விட்டார்கள். அரை மணி நேரத்தில் கைபேசி எழுத்தெல்லாம் கலங்கியது, வாசல் வெளிச்சம் முகத்தில் அறைந்தது. டாக்டரம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, மேலே பாருங்க, கீழே பாருங்க, மூக்கு நுனியைப் பாருங்க என்று ஒவ்வொரு திசையாகப் பார்த்தார். ஓரத்தைப் பார்க்க இமைமேல் ஒரு சிறு கருவியால் அழுத்தினார். வலித்தது, பொறுத்துக்கொண்டேன்.

விழித்திரையின் மேல்ஓரத்தில் ஒரு கிழிசல் இருந்தது.

அவர் விளக்கியது எனக்கு மனதில் நின்றுவிட்டது. கண்ணுக்குள் விட்ரியஸ் என்று கூழ் மாதிரி ஒன்று நிறைந்திருக்கிறது, பெரும்பகுதி தண்ணீர்தான். தயிர் நாள்பட்டால் கட்டியும் தண்ணீருமாகப் பிரிகிற மாதிரி வயதாக ஆக இதுவும் பிரியும். அந்தக் கட்டியின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் பூச்சி என்கிறோம். ஒரு கட்டத்தில் கூழ் சுருங்கிப் பின்சுவரை விட்டு உரிந்து வரும். பெரும்பாலும் சுத்தமாக உரிந்துவிடும். சிலருக்கு, போஸ்டரை உரிக்கும்போது சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்வது போல விழித்திரை கிழியும். மின்னல் தெரிவது அந்த இழுப்பில்தான். கிழிசல் வழியாக நீர் இறங்கினால் விழித்திரையே பிரிந்துவிடும்.

மதியம் லேசர் செய்தார்கள், 3,800 ரூபாய். பச்சை வெளிச்சம் பட்பட்டென்று அடிக்க, கிழிசலைச் சுற்றி வேலி மாதிரி தழும்பு போடுகிறார்கள். அது இறுகப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். எப்போது விமானம் என்று டாக்டரம்மா கேட்டார், 3 வாரம் இருக்கிறது என்றேன். லேசரோடு முடிந்ததால் போகலாம் என்றார். விழித்திரை பிரிந்து, ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால், அது கரையும்வரை பல வாரம் விமானம் ஏறவே கூடாதாம். மேலே காற்றழுத்தம் குறையும்போது வாயு விரிந்து கண்ணை உள்ளிருந்து நெரிக்கும். விடுமுறைக்கு வந்த எனக்கு அதைக் கேட்டபோதுதான் கை நடுங்கியது.

லேசரால் புள்ளிகள் போகாது, அவை இப்போதும் இருக்கின்றன. சில மாதத்தில் கீழே படியும், மூளையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கூழை எடுத்துவிடும் ஆபரேஷன் உண்டு, ஆனால் அதனால் கண்புரையும் புதுக் கிழிசலும் வரலாம் என்பதால் எனக்கு வேண்டாம் என்றார். வாசிக்கும்போது குறுக்கே வந்தால் கண்ணை மேலும் கீழும் ஒரு தடவை ஓட்டினால் விலகிப் போகிறது. அது போதும்.

ஒரு வாரம் கழித்துக் காட்டப் போகிற முந்தின நாள் சித்தி தயங்கித் தயங்கிச் சொன்னார், “எனக்கும் பங்குனிலருந்து பறக்குதுட்டி. பசின்னு நெனச்சேன்.” சித்திக்குச் சர்க்கரை 18 வருடமாக இருக்கிறது. இத்தனை வருடத்தில் மருந்து விட்டு யாரும் அவர் கண்ணைப் பார்த்ததில்லை. அவரையும் கூட்டிப் போனேன். இரண்டு கண்ணிலும் மெல்லிய ரத்தக் கசிவு, சிகிச்சைக்கு நேரம் இருக்கிறது என்றார்கள். முதல் ஊசிக்கு வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். திரும்பும் வழியெல்லாம் வெளிச்சம் தாங்காமல் சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு என் தோளில் சாய்ந்தே வந்தார்.