லாஸ் வேகாஸ் சிஇஎஸ் கண்காட்சி: பதிவும் நுழைவும்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடைபெறும் சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சியின் பதிவுச் சேவையையும் நுழைவு ஏற்பாட்டையும் மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். நம் ஊர்களிலிருந்து முதன்முறையாகச் செல்பவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் அதுவே. 1967-இல் நியூயார்க்கில் தொடங்கிய இக்கண்காட்சியை நுகர்வோர் தொழில்நுட்பச் சங்கம் நடத்துகிறது. 2025 ஜனவரி 7 முதல் 10 வரை நடந்தபோது 1,41,000-க்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். ஒரு நடுத்தர நகரத்தின் மக்கள்தொகைக்கு நிகரான இந்தக் கூட்டத்தை நான்கே நாள்களில் வாசல் நெரிசலின்றி உள்ளே விடுவது எளிய வேலையன்று. அந்த வேலையை இவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் அதில் பாதி நம் கையில் இருக்கிறது.

இவர்களுடைய ஏற்பாட்டின் சிறப்பு, வரிசையைக் கண்காட்சி வாசலிலிருந்து வேறிடங்களுக்கு நகர்த்திவிட்டதுதான். நுழைவு அட்டையான பேட்ஜை வாங்க அரங்கத்துக்கே போக வேண்டியதில்லை. ஹாரி ரீட் பன்னாட்டு விமான நிலையத்தில் பெட்டிகள் வந்து சேரும் பகுதியிலும், நகரின் சில பெரிய விடுதிகளிலும் இதற்கான முகப்புகளைக் கண்காட்சி தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்பே திறந்துவிடுகிறார்கள். நம் பெட்டி சுழல்பட்டையில் வந்து சேருவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது: கைப்பேசியில் உள்ள கியூஆர் குறியீட்டைக் காட்டுகிறோம், ஊழியர் கடவுச்சீட்டில் உள்ள படத்தையும் முகத்தையும் ஒருமுறை பார்க்கிறார், பக்கத்தில் உள்ள அச்சு இயந்திரத்திலிருந்து பெயரும் நிறுவனமும் பொறித்த அட்டை வெளியே வருகிறது, அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். வந்திறங்கிய அன்றே இதை முடித்தவர், தொடக்க நாள் காலையில் பேட்ஜுக்கென வரிசையில் நிற்க வேண்டியதே இல்லை. விமான நிலைய முகப்பின் வேலை நேரம் மட்டும் ஆண்டுதோறும் மாறலாம் என்பதால், பயணச்சீட்டு எடுக்கும் முன்பே அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நம் நாட்டில் ஒரு பெரிய தொழிற்கண்காட்சிக்குப் போயிருந்தபோது கண்ட காட்சி இதற்கு நேர்மாறானது. முன்பதிவு செய்தவர்களும் செய்யாதவர்களும் ஒரே வரிசையில் நின்றோம். முன்பே இணையத்தில் கொடுத்த விவரங்களை முகப்பில் இருந்தவர் மீண்டும் தட்டச்சு செய்தார். கைப்பேசிக்கு வர வேண்டிய கடவு எண் நெரிசலில் வந்து சேராமல் பலர் ஓரமாக நிறுத்தப்பட்டார்கள். முன்பதிவு செய்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லையென்றால் அடுத்த முறை யார்தான் முன்பதிவு செய்வார்கள்? வசதியை விடவும் வந்தவருக்குக் கொடுக்கும் மரியாதையைச் சார்ந்தது இது என்றே நான் கருதுகிறேன்.

பதிவைப் பொறுத்தவரை, சிஇஎஸ் பொதுமக்களுக்கான கண்காட்சி அன்று. பதினெட்டு வயது நிறைந்தவராகவும் தொழில்நுட்பத் துறையோடு தொடர்புள்ளவராகவும் இருக்க வேண்டும். அந்தத் தொடர்புக்குச் சான்றும் கேட்கிறார்கள். எனவே பெயரட்டை, நிறுவனத்தின் இணைய முகவரி, பணிக்கடிதம் போன்றவற்றை எடுத்து வைத்துக்கொண்டு பதிவுப் பக்கத்தைத் திறப்பது நல்லது. 2025 கண்காட்சிக்கான சாதாரண நுழைவுக் கட்டணம் தொடக்கத்தில் 149 டாலராகவும் டிசம்பர்த் தொடக்கத்துக்குப் பிறகு 350 டாலராகவும் இருந்தது. இரு மடங்குக்கும் மேலான இந்த உயர்வு, விசா கிடைத்த பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று காத்திருக்கும் இந்தியர்களைத்தான் அதிகம் பாதிக்கிறது. பதிவு செய்தவர்களுக்கு விசா விண்ணப்பத்தோடு இணைக்க அழைப்புக் கடிதம் தருகிறார்கள் என்றாலும், அக்கடிதம் விசாவுக்கு உத்தரவாதமாகாது. நேர்காணலுக்கான காத்திருப்போ பல வேளைகளில் மாதக்கணக்கில் நீள்கிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு முற்கட்டணச் சலுகையைச் சற்றே நீட்டித்தால் அது நியாயமாக இருக்கும்.

தமிழர்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் பெயர்தான். நாம் முதலெழுத்தோடு பெயர் எழுதுபவர்கள். பதிவுப் படிவமோ முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களை நிரப்பச் சொல்கிறது. சிலருடைய கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப்பெயராக இருக்கும். சிலருடையதில் இரண்டு பெயர்களும் ஒரே கட்டத்தில் சேர்ந்திருக்கும். சிலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டமே வெறுமையாக இருக்கும். அப்படி வெறுமையாக இருந்தால் அமெரிக்க விசாவில் நம் பெயர் குடும்பப்பெயரின் இடத்துக்குப் போய், முதற்பெயரின் இடத்தில் எஃப்என்யூ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்துகள் வந்து நிற்கும். என்னுடன் வந்த நண்பர் அலுவலகத்தில் வழங்கும் பெயரையே, அதாவது முதலெழுத்தும் பெயருமாக, பதிவில் கொடுத்திருந்தார். முகப்பில் இருந்த பெண்மணி பதிவையும் கடவுச்சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார், நிறுவன அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார், பிறகு புன்னகையோடு அச்சிட்டுக் கொடுத்தார். எல்லா நேரத்திலும் அந்தப் பொறுமை கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்துகளை அப்படியே பார்த்துப் படிவத்தில் நிரப்புங்கள். விசாவில் பெயர் மாறியிருந்தால் இரண்டையும் ஒன்றாகக் காட்டும்படி வைத்திருங்கள். நிறுவனத்தின் வழியாகக் குழுவாகப் பதிவு செய்பவர்கள், மனிதவளத் துறையின் பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்து ஒட்டாமல், ஒவ்வொருவரிடமும் கடவுச்சீட்டு நகலைக் கேட்டு வாங்குவதே முறை.

அடுத்தது பை. ஒருவர் இரண்டு பைகளுக்கு மேல் கொண்டுவரக் கூடாது. ஒவ்வொன்றும் 12 அங்குலம், 17 அங்குலம், 6 அங்குலம் என்ற அளவைத் தாண்டக் கூடாது. சக்கரம் வைத்த பெட்டிகளுக்குக் காட்சிக்கூடத்தில் இடமில்லை. மடிக்கணினியும் மின்னேற்றியும் தண்ணீர்ப் புட்டியும் திணித்த நம் வழக்கமான முதுகுப்பை பல நேரங்களில் இந்த அளவை மீறிவிடும் என்பதால், புறப்படும் முன் அளவுநாடாவால் அளந்து பாருங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும்படியான பையைக் கொண்டுவருபவர்கள் சோதனையை விரைவாகக் கடக்கிறார்கள்.

பேட்ஜ் கையில் இருந்தாலும், எந்த வாசலுக்குப் போவது என்ற கேள்வி மிச்சமிருக்கும். கண்காட்சி ஒரே கட்டடத்தில் நடப்பதில்லை. பெரிய நிறுவனங்களில் பல லாஸ் வேகாஸ் மாநாட்டு மையத்தில் இருக்கும். புதுத்தொழில் நிறுவனங்களுக்கான யுரேகா பார்க் பகுதி வெனிஷியன் எக்ஸ்போவில் இருக்கும். இரண்டுக்கும் இடையே இலவசப் பேருந்துகள் ஓடுகின்றன என்றாலும் சாலை நெரிசல் கடுமையாக இருப்பதால், காலையை ஓரிடத்துக்கும் மாலையை மற்றோரிடத்துக்கும் ஒதுக்குவதைவிட நாள்களைப் பிரித்துக்கொள்வதே பயன் தருகிறது. மாநாட்டு மையத்தின் கூடங்களுக்கு இடையே 2021 முதல் சுரங்கப் பாதையில் மின்கார்கள் ஓடுகின்றன. மேற்குக் கூடத்திலிருந்து தெற்குக் கூடத்துக்கு நடந்து களைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வழிகாட்டும் ஊழியர்கள் வாசலுக்கு வாசல் நிற்கிறார்கள். கேட்டால் பொறுமையாகச் சொல்கிறார்கள்.

எனக்குள்ள குறை ஒன்று: பை விதி ஒரு பக்கத்திலும், முகப்பு நேரம் இன்னொரு பக்கத்திலும், விசாக் கடித விவரம் வேறொரு பக்கத்திலும் எனத் தகவல்கள் சிதறிக் கிடக்கின்றன. முதன்முறை வருபவருக்கு இவற்றையெல்லாம் ஒரே தாளில் தரலாம். மற்றபடி, இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு இவ்வளவு ஒழுங்கான நுழைவு ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை; தாராளமாகப் பாராட்டலாம். கடைசி நாளன்று மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள். 2025-இல் முதல் மூன்று நாள்கள் மாலை 6 மணி வரை நடந்த காட்சி நான்காம் நாள் 4 மணிக்கே முடிந்துவிட்டது. அன்றிரவே ஊர் திரும்புபவர்கள் பயணப்பெட்டியோடு அரங்கத்துக்கு வந்தால் உள்ளே கொண்டுபோக முடியாது. காலையிலேயே அறையைக் காலி செய்து, பெட்டியை விடுதியின் முகப்பில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.