முழங்கால் முறுக்கிக்கொண்டால்: எக்ஸ்ரேயா, எம்.ஆர்.ஐ.யா, கைச் சோதனையா?

மழையில் ஊறிய சரிவில் தேயிலைக் கொழுந்துப் பாரத்தோடு இறங்கும்போது பாதம் மண்ணில் பதிந்து நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிடும். மூட்டுச் சவ்வோ (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருப்பது) நாரோ (எலும்பை எலும்போடு கட்டிவைப்பது) கிழிவது அப்போதுதான்.

எல்லோரும் முதலில் கேட்பது எக்ஸ்ரேயை. அது எலும்பைக் காட்டும். சவ்வும் நாரும் அதில் தெரியாது. "எலும்புக்கு ஒன்றுமில்லை" என்பதைக் "காலுக்கு ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொண்டு மறுநாளே மலைக்குப் போவதுதான் பெரிய கேடு. நான்கு அடி நடக்க முடியாதவர், முழங்காலை 90 பாகை மடக்க முடியாதவர், 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர், முழங்கால் சில்லை (முன்பக்க வட்ட எலும்பை) அழுத்தினால் வலிப்பவர் ஆகியோருக்கு எக்ஸ்ரே கட்டாயம் வேண்டும்.

எம்.ஆர்.ஐ. சவ்வையும் நாரையும் காட்டும். ஆனால் நாற்பதைத் தாண்டிய பலருக்கு வலியே இல்லாமல் சவ்வு கிழிந்திருக்கும். படத்தில் தெரிகிற கிழிசல்தான் இன்றைய வலிக்குக் காரணம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எங்கள் தெரிவு, கைச் சோதனையே முதலில். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: எப்போது வீங்கியது? இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். முன் குறுக்கு நாரையோ (மூட்டுக்குள் கீழ்க்கால் முன்னே நழுவாமல் பிடித்திருக்கும் நார்) எலும்பையோ சந்தேகிக்க வேண்டும். மறுநாள் காலையில் என்றால் பெரும்பாலும் சவ்வு. பிறகு முழங்காலை 20–30 பாகை மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னே இழுக்க வேண்டும். நல்ல காலைவிட அதிகம் நகர்ந்து, முடிவில் உறுதியாக நிற்காவிட்டால் அந்த முன் குறுக்கு நார் அறுந்திருக்கிறது. வீங்கிய காலில் வலியால் தொடைத் தசை இறுகி இந்தச் சோதனையை ஏமாற்றிவிடும். வீக்கம் வடிந்ததும், ஒரு வாரம் பத்து நாளில், திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.

சிகிச்சையிலும் போட்டி உண்டு. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை அடக்கும், கிழிசலை ஒட்டாது. தேய்மானக் கிழிசலுக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சி மேல்: துண்டைச் சுருட்டி முழங்காலடியில் வைத்து 5 விநாடி அழுத்துவது, பத்துத் தடவை, நாளுக்கு மூன்று முறை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. கால் பாதி மடங்கி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால் பயிற்சி உதவாது, அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சலோடு முழங்கால் சுட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எந்த வழியில் போனாலும் விழுந்த நாளே தோட்ட டிஸ்பென்சரியில் நேரம், இடம், செய்த வேலை மூன்றையும் பதியச் சொல்லுங்கள். இலங்கையின் 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நட்டஈடு கேட்கும்போது, காயம் வேலையில் பட்டது என்று காட்ட அந்தப் பதிவு கைகொடுக்கும்.